நைனாவின் காதும் நாங்கள் கவனிக்காத உதட்டு வாசிப்பும்

எங்கள் அப்பாவை நைனா என்றே கூப்பிடுவோம். அவர் அம்மையார்குப்பத்தில் பிறந்தவர். திருத்தணியில் குடியேறிய பின்னும் தினமும் பேருந்தில் அங்கே போய் விசைத்தறி ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தார்.

தறிக்கூடத்து இரைச்சலில் உதட்டசைவும் கைச்சாடையும்தான் பேச்சு. வீட்டிலும் அதே பழக்கம். அதனால் அவருக்குச் செவி மங்கியதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கொரோனா ஆண்டில் எல்லோரும் முகக்கவசம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

"இன்னாமே, யாரும் வாயே தொறக்க மாட்றீங்க?" என்றார்.

அம்மா கவசத்தை இறக்கினார். "தொண்ட கிழிய கத்திகினு கீறேன், கேக்கலியா?"

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் இரைச்சலால் அழிந்துவிட்டன, அவை மீண்டும் முளைப்பதில்லை என்றார் சென்னையில் நாங்கள் பார்த்த மருத்துவர். முதுமை, சில மருந்துகள், பரம்பரை ஆகியவையும் காரணமாகலாமாம். சாதாரணக் காதுக்கருவி சத்தத்தைக் கூட்டியது, சொற்கள் தெளியவில்லை. செவிநரம்பைத் தூண்டும் காக்ளியர் கருவியை அறுவை செய்து உள்ளே பொருத்தலாம். ஆனால் பலன் உறுதியில்லை, மிச்சமிருக்கும் செவித்திறனும் போகலாம் என்றார். உறவினர்கள் தயங்கினார்கள்.

"இருந்தாத்தானே போவுறதுக்கு? செய்ங்க" என்றார் நைனா.

அறுவை முடிந்து, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் கருவியை இயக்கினார்கள். "எல்லாரும் தகர டப்பாக்குள்ள பேசற மாதிரி கீது" என்று முகம் சுளித்தார். மூளை பழக வேண்டும் என்றார்கள். அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப்பெயர்களைச் சொல்வார்; நைனா திருப்பிச் சொல்ல வேண்டும். ஆர்.கே.பேட்டை என்றால் பள்ளிப்பட்டு என்பார், சண்டை வரும். ஐப்பசியில் ஒரு காலை, சமையலறையிலிருந்து அம்மா, "காப்பி வோணுமா?" என்றார். நைனா திரும்பாமலே, "ஆங், சக்கர கம்மியா!" என்றார். வீடே துள்ளியது.

பிறகு அவருக்குச் செவியைப் பற்றிய செய்தி எல்லாம் வேண்டும். ஒருவகைப் பிறவிச் செவிடு உள்ள குழந்தைகள் மரபணு சிகிச்சையால் கேட்கத் தொடங்கியிருப்பதையும், மயிர்ச்செல்களை மீண்டும் வளர்க்க ஆய்வுகள் நடப்பதையும் படித்துக் காட்டினேன். "அடேயப்பா! மறுபடி படி" என்றார். சென்ற ஆண்டு மாரடைப்பில் மறையும்வரை அந்த வியப்பு குறையவில்லை.

அறுவை செய்த மருத்துவருக்கும், பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்கும், மருத்துவமனையில் துணையிருந்த தறிக்கூடத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அவருடைய முதலாண்டு நினைவு நாளான இன்று, சாப்பாட்டுக்கு முன் பந்தலில் இலவசச் செவிப் பரிசோதனை உண்டு. தறி ஓட்டும் அனைவரும் செய்துகொள்ளுங்கள். முதல் ஆளாக அம்மா உட்காருகிறார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்கிறார். நைனாவும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார்.

— மகள்