லாமிசி அழாமல் போன கதை

சிரித்தாள்தான். யார் இல்லை என்றது? புருஷனுடைய சாவுப் படத்துக்கு முன்னால் நின்று, கை தட்டிச் சிரித்தாள். அக்ராவின் மம்ப்ரோபி முக்கில் பாதிப் பேர் பார்த்தார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு, "அவளே அவனைத் தின்னுட்டா" என்று குழாயடியில் பேசுகிறவர்கள், அவள் எப்படி அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

லாமிசி வடக்கே, போல்கா டவுனுக்கும் அப்பால் ஒரு தினைக்காட்டு ஊர்க்காரி. புருஷன் அக்கோல்கோ அக்ரா பட்டணத்துக்கு வந்து மரவாடியில் பலகை சுமந்தான். ஊர்ப்பக்கம் போகிற லாரிக்காரர்களிடம் சோப்பும் துணியும் கொடுத்தனுப்புவான். மூன்று மாதமாக ஒன்றும் வரவில்லை. இவளே கிளம்பிவிட்டாள். தலையில் ஒரு மூட்டை நிலக்கடலை, கக்கத்தில் ஒரு கோழி.

லாரியை விட்டு இறங்கியதும் அவளைக் கலக்கியது கூட்டமும் இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. யாருமே வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் ஊரில் எதிரே ஆள் வந்தால் குந்தி உட்கார்ந்து, தூங்கினாயா, வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா என்று கேட்டு, அவரும் திருப்பிக் கேட்ட பிறகுதான் நடை. இங்கேயும் குந்தினாள். முதல் ஆள் தாண்டிப் போனான். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவதாக வந்த வண்டிக்காரன் கத்தினான்: "ஏம்மா, நடுவழியில முட்டை போடவா உக்காந்திருக்க? எந்திரி!"

இத்தனை பேருக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்றாவது வராதா என்று நடந்தவளுக்கு, அந்தச் சுவரில் அக்கோல்கோ தெரிந்தான். கோட்டு போட்டுக்கொண்டு, பல் தெரிய. கீழே என்னமோ எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் ஊரில் சுவரில் முகம் ஒட்டினால் அது தேர்தல்.

சிரிப்பைக் கேட்டு, சோளமாவு உருண்டை, அதுதான் கென்கே, விற்றுக்கொண்டிருந்த கோர்கோய் திரும்பினாள். சந்தையில் பழகிய ஹவுசா மொழியில் கேட்டாள்: "யாரைப் பாத்து இந்தச் சிரிப்பு?"

"எம் புருஷங்க்கா! எலெக்‌ஷன்ல நிக்கிறான் போல. அதான் எங்களை மறந்துட்டான், திருட்டுப் பய."

கோர்கோய் கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தாள். "உக்காரு தங்கச்சி. முதல்ல தண்ணி குடி."

"ஏங்க்கா?"

"இந்த ஊர்ல செத்தவங்களைத்தான் இப்படி ஒட்டுவாங்க."

மரவாடியில் பலகை அடுக்கு அவன்மேல் சரிந்திருக்கிறது. அடக்கம் பண்ணி ஒன்பது நாள். மரவாடி ஆட்களே படம் ஒட்டினார்கள். கோட்டு படக்கடைக்காரனுடையது. ஊருக்குச் சேதி கொண்டுபோன லாரி, எந்தத் திருப்பத்தில் இவளைக் கடந்து போனதோ.

கோர்கோய் அவளை, அறைக்கொரு குடும்பமாக இருந்த தன் வளவுக்கே கூட்டிவந்தாள். லாமிசி அழவில்லை. தினமும் விடிந்ததும் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் குந்தி, தூங்கினீர்களா என்று கேட்டாள்.

"வந்துட்டா வணக்கக்காரி," என்பாள் எதிர் அறை ஆஃபி. "புருஷன் போயி பத்து நாளுக்கு மேலாச்சு, கண்ணுல ஒரு சொட்டு இல்ல. என் தூக்கத்துக்குக் கவலைப்பட வந்துட்டா."

கோர்கோய்க்கே பொறுக்கவில்லை. "அழுதுடு தங்கச்சி. நெஞ்சு வெடிச்சிடும்."

"கூடாதுக்கா. வாய்ச்சேதி போதாது. அவன் குழி மண்ணு வீட்டுப் பெரியவர் கைக்குப் போகணும். அவர் வாயால அவன் இல்லைன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி பொண்டாட்டி அழுதா, உசிரோட இருக்கிறவனை அழுது கொன்ன மாதிரி."

"அவந்தான் இல்லையேடி!"

"இங்க இல்லக்கா. அங்க இருக்கான். அவன் அம்மா இன்னும் அவனுக்குத் தட்டு எடுத்து வைக்கிறா."

ஆனால் குழி எது? கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக மண்மேடு. குழி வெட்டி, இடம் தெரிந்த ஒரே ஆளான மரவாடி அத்தியா, மரம் ஏற்றிவரக் குமாசி போயிருந்தான். அவன் வரும்வரை லாமிசி கென்கே பொதிந்தாள். அழுகை முட்டும்போதெல்லாம் உடுதுணி முனையை வாயில் கடித்துக்கொண்டாள். தினமும் போய்ச் சுவருக்கு முன்னால் குந்தி, அவனையும் தூங்கினாயா என்று கேட்டாள். ஒரு நாள் மழையில் பாதி முகம் கிழிந்து தொங்கியது. மிச்சம் இருந்ததை உள்ளங்கையால் அழுத்தி, காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் பைத்தியம் என்றார்கள்.

அவள் வந்த பதினான்காம் நாள் அத்தியா திரும்பி வந்தான், குழியைக் காட்டினான். அவள் ஒரு பிடி மண்ணைத் துணி முனையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே கோர்கோயிடம் சொல்லிவிட்டாள். "நாளைக்கு உங்க முகத்தைக்கூடப் பாக்கமாட்டேங்க்கா. கோச்சுக்காதீங்க. மண்ணைத் தூக்கிட்டா யாருக்கும் வணக்கம் சொல்லக்கூடாது, வாங்கவும் கூடாது. நான் நின்னா அவனும் நின்னுடுவான். அப்புறம் இந்த ஊரை விட்டு வரமாட்டான்."

வளவில் மற்ற யாருக்கும் இது தெரியாது. விடிந்தது. கதவுகள் திறந்தன. தினமும் வரும் அந்த வணக்கம் வரவில்லை; யாரும் வேலையைத் தொடவில்லை. ஆஃபி தண்ணீர்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். லாமிசி எதிரே வந்தபோது, அத்தனை நாளில் முதல் தடவையாக அவளே கேட்டாள்:

"லாமிசி, தூங்கினியா?"

லாமிசியின் உதடு அசைந்தது. முழங்கால்கூட ஒரு நொடி மடங்கப் பார்த்தது. முடிச்சை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்; துணியின் மறுமுனையைப் பல்லால் கடித்தாள்; எல்லாக் கதவுகளையும் தாண்டி, வாசலைக் கடந்து போனாள்.