வளையாத பதினோரு பேர்

பட்டறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நேர்க்கோடு. இருபத்திரண்டு வருடமாக மெழுகுவர்த்தி வார்க்கிறாள். ஒன்றுகூடக் கோணலாகப் போனதில்லை. மேஜைமேல் உருட்டிவிட்டால் சத்தமில்லாமல் ஓடி மறுமுனையில் போய் நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு தங்கை வாய்த்தாளே, அதைச் சொல்லுங்கள்!

தங்கையும் அதே பட்டறையில்தான் சேர்ந்தாள். எட்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மெழுகை இறுக்குவதற்கென்று ஒரு வெள்ளைத் தூள் உண்டு. உருக்கும் அண்டாவில் அதை அளந்து போட வேண்டும். மகராசி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே பாதியைப் போட மறந்துவிடுவாள். கடைக்குப் போன வர்த்தியெல்லாம் வெயிலில் தலை குனிந்து, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மேஸ்திரி வாசலைக் காட்டிவிட்டார். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நின்றவள் அக்காதான்.

இப்போது பாருங்கள் கூத்தை. அதே கோணல் மெழுகைத்தான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். தங்கை மெழுகில் ஆட்களைச் செய்து ஒரு கூடத்தில் நிறுத்துகிறாள். ஜன்னல்களைத் திறந்து போட்டுவிடுகிறாள். வெயில் ஏற ஏற அந்த ஆட்களுக்குக் கழுத்து தொங்கி, முதுகு வளைந்து, சாயங்காலத்துக்குள் சுருண்டு விழுந்துவிடுகிறார்கள். உலகம் சூடாகிக்கொண்டு வருவதை இதைவிட எப்படிச் சொல்வது என்று பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினார்கள், தங்கையின் படத்தோடு. படத்தில் அவளுக்கு வாயெல்லாம் பல்.

அக்கா அந்தப் பத்திரிகையைத் தன் புருஷன் முன்னால் விசிறிப் போட்டாள். "கோணலா ஊத்தினதுக்கு வேலையை விட்டே துரத்தினாங்க. இப்ப அதுக்கே கைதட்டுறாங்க. நான் நேரா ஊத்துறேனே, எவனாவது தட்டினானா?"

"மெழுகுவர்த்திக்கு யாரு கைதட்டுவா? கரண்ட் போனா தேடுவாங்க, வந்தா ஊதி அணைச்சிடுவாங்க," என்றார் அவர். லாரி ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனுஷன். "உன் காதுல புகை வருதும்மா."

வரத்தான் செய்தது. இல்லையென்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. சூடு ஏறுவது அவளுக்குத் தெரியாத சங்கதியா என்ன? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்டாவுக்கு ஒரு கரண்டித் தூள் போதும். பிறகு ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. போன கோடையில் மூன்று கரண்டி போட வேண்டி வந்தது. துணி மடிக்கும்போது பேச்சுவாக்கில் இதைத் தங்கையிடமும் சொல்லியிருக்கிறாள். பத்திரிகைக்காரர் எவரும் அவளிடம் வந்து கரண்டிக் கணக்கைக் கேட்கவில்லை.

இந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் தங்கையே வந்து நின்றாள்.

"அக்கா, கண்காட்சி நடத்துறவங்க மூணு பேர் பாக்க வராங்க. ஒரே ஒரு நாள்தான். அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா ஒரு வருஷம் ஊர் ஊரா கொண்டுபோய் வைப்பாங்க. இல்லன்னா இதோட சரி. மெழுகு மட்டும் நீ கலந்து குடு. முப்பத்தஞ்சு டிகிரியில வளையணும். எனக்கு அந்தத் தூள் கணக்கு என்னிக்கும் வராது."

"அதுதான் எல்லாருக்கும் தெரியுமே!" என்றாள் அக்கா.

முப்பத்தைந்தில் வளைய வேண்டுமென்றால் இளக்கமான மெழுகாகப் பார்த்து எடுத்து, தூள் டப்பாவைத் திறக்காமலே இருந்தால் போதும். அண்டா முன்னால் நின்றபோது இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் கெட்டி மெழுகை எடுத்தாள், டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டாள். இரண்டு, மூன்று. நான்காவதைக் குவித்துப் போட்டாள். கை தவறிவிட்டது என்றெல்லாம் பிறகு கதை கட்ட முடியாது, தெரிந்தே போட்டாள். நிற்கட்டும் எல்லாம் விறைப்பாக, அவள் முகம் தொங்குவதை ஒரு தடவையாவது பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டே போட்டாள்.

"ஒரு துண்டை வெயில்ல வச்சுப் பாத்துக்க," என்று கட்டிகளைக் கொடுக்கும்போது ஒப்புக்குச் சொன்னாள்.

"நீ கலந்ததை நான் சோதிக்கிறதா? நல்லாயிருக்கே!" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள் தங்கை.

அந்த நாள் வந்தது. அக்கா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். கூடத்தின் நடுவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பதினோரு பேர், முழங்கால் உயரத்தில், வரிசையாக நின்றார்கள். பை வைத்திருப்பவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவள், கழுத்தை நீட்டிப் பார்ப்பவர். பார்க்க வந்த மூவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி பதினோரு மணிக்கு முப்பத்தாறு காட்டியது. ஒரு மணிக்கு முப்பத்தெட்டு. மூவரும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பதினோரு பேரில் ஒருவரும் அசையவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. எங்க அக்கா கலந்தது, கண்டிப்பா வளையும்," என்றாள் தங்கை. அரை மணி கழித்தும் அதையே சொன்னாள். குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

அக்காவுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டியதுதான். அவளோ அதற்குள் சுவரில் இருந்த பலகையைப் படித்துத் தொலைத்திருந்தாள்.

'என் அக்கா மெழுகுவர்த்திப் பட்டறையில் வேலை செய்கிறாள். முன்பெல்லாம் மெழுகை இறுக்க ஒரு கரண்டித் தூள் போதும், இப்போது மூன்று வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு இதைச் செய்யத் தோன்றியது. மெழுகு கலந்தவர்: என் அக்கா.'

மூவரில் கண்ணாடி போட்ட அம்மாளும் அந்தப் பலகையை இன்னொரு முறை படித்தார். நோட்டை மூடினார். "பாவம், மெழுகு கலந்தவங்களுக்குக் கணக்கு தெரியலை போலிருக்கு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கணக்கு தெரியவில்லையா? அவளுக்கா? இருபத்திரண்டு வருடத்தில் மேஸ்திரிகூட நாக்கின்மேல் பல்லைப் போட்டு அப்படிச் சொன்னதில்லை. அக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் ஒண்ணும் தப்பாக் கலக்கலை!" என்று கூடமே அதிரக் கத்திவிட்டாள். "வளையக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் நாலு கரண்டி போட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வார்த்தையை அள்ளவா முடியும்? தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"அப்ப எத்தனையில வளையும்?" என்றாள் மெதுவாக.

"அம்பதுல," என்றாள் அக்கா. இத்தனைக்கு நடுவிலும் பதில் டக்கென்று வந்தது.

அதற்குள் எழுந்துவிட்டிருந்த மூவர் பக்கம் தங்கை திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு வளையாது, அம்பதுலதான் வளையும். எங்க அக்கா கணக்கு தப்பவே தப்பாது."

நாலு பேர் முன்னால் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அக்கா இத்தனை வருடம் ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். மூவரும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்துக்கு எதிரே பதினோரு பேரும் இம்மிகூடச் சாயாமல் நின்றிருந்தார்கள்.