பிளேன்டீக்குச் சிவந்தவர்

அவர் மீன் ஏலம் கூறுபவர். கன்னமும் மூக்கும் எப்போதும் சிவந்திருக்கும். பேசும்போது தோளிலுள்ள துவாயால் முகத்தை ஒற்றிக்கொள்வார். சிலாபத்தில் நான் நோயாளரைப் பார்க்கும் தோல் கிளினிக்குக்கு அன்று இன்னொருவரையும் இழுத்து வந்திருந்தார். ஏலக்காரரின் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தவர் அவர். அந்தப் பேச்சு இந்தச் சிவப்பால்தான் நின்றுபோயிருந்தது.

“நான் குடிக்கிறனெண்டு இவருக்குச் சந்தேகம், டொக்டர். நீங்களே சொல்லுங்க.”

“இதுக்குப் பேர் ரோசேசியா. தோலுக்குக் கீழ இருக்கிற சின்ன இரத்தக் குழாயெல்லாம் சட்டெண்டு விரியுது. வெயில், உறைப்பு, சூடு போதும். குடிக்காத ஆக்களுக்கும் வரும்.”

வந்தவர் நம்பவில்லை. கன்டீனிலிருந்து பால் சேர்க்காத பிளேன்டீ ஒன்றைச் சுடச்சுட வரவழைத்தேன். ஏலக்காரர் பிஸ்மி சொல்லிக் குடித்தார். பாதிக் கோப்பையிலேயே முகம் தக்காளியாகிவிட்டது.

“பிளேன்டீக்கே இப்பிடியா, சம்மந்தி!” என்று வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

‘சம்மந்தி’ என்றதும் ஏலக்காரருக்குக் காது வரை சிவந்தது.

தவிர்க்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தேன்: தொப்பியில்லாத வெயில், கொச்சிக்காய்க் காரம், கொதிக்கும் தேநீர். நான் படித்த பட்டியலில் மிகுந்த சந்தோஷமும் உண்டு. அதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.