இரைப்பு நின்ற காலை

என் வீட்டுக்காரர் ஸ்டோரில் தூள் சலித்தார். மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். புருவமெல்லாம் தூசி படிந்து பழுப்பாக வீட்டுக்கு வருவார். நாலைந்து வருடத்தில் இரைப்பு பிடித்துக்கொண்டது. அதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தருக்கும் நான் சொல்லவில்லை. காசநோய் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். நான் யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றவள் இல்லை.

ஒரு நாள் காலை நல்ல மழை. அவர் மூச்சு இழுத்த சத்தம் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்டுவிடுமே என்று கதவைச் சாத்தினேன். அடுப்பில் விறகைத் தள்ளி, சாம்பிராணியும் போட்டேன். இரண்டு கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தேன். ஏதோ சொல்ல வாய் திறந்தார், ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. கழுத்துக்குழி உள்ளே உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் இரைப்பு அடங்கியது. மாரியாத்தாளைக் கும்பிட்டேன். பக்கத்துக் காம்பரா அக்கா வேலைக்குப் பேர் கொடுக்கக் கூப்பிட வந்து கதவைத் தள்ளினாள்.

"என்னா புள்ள, பெரட்டுக்கு வரலியா?"

"நீங்க போங்கக்கா. இவருக்கு லேசா சளி. இப்பதான் தூங்குறாரு."

"பொகையப் பாரு! மனுசன வாட்டித் திங்கப்போறியா?"

சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் வழியில் டிஸ்பென்சரி ஐயாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து கம்பளியை விலக்கி நகத்தைப் பார்த்தார். நாவல்பழ நிறம்.

"எரைப்பு நின்னுருச்சுங்க, தூங்குறாரு" என்றேன்.

"நிக்கலம்மா. இழுத்து இழுத்து நெஞ்சு களைச்சுப்போச்சு. உள்ள காத்தே போகாதப்ப சத்தம் எங்கேருந்து வரும்? கதவத் தொற. நெருப்ப அணை."

கதவை விரியத் திறந்து, எரிந்த விறகை இழுத்து மழையில் வீசினேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி போட்டு, தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள்.

"பதுளை ஆசுபத்திரி போற வரைக்கும் படுக்க விடாத. தூங்கவும் விடாத. பேச்சுக் குடுத்துக்கிட்டே போ."

அவர் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். என்ன பேசுவது? சாமி பேர்கூட வாயில் வரவில்லை. தண்ணீர் நிற்காத ஒரு சருவப் பானையைப் பற்றிய பழைய சண்டைதான் வந்தது.

"கல்யாணத்துக்கு ஒங்க அண்ணன் குடுத்த சருவம் ஓட்டையா இல்லியா? சொல்லுங்க!"

தலை சரிந்தது. கிள்ளினேன். பசறை தாண்டும் வரை அதையே கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன். ஒரு வளைவில் உதடு அசைந்தது.

"இ...ல்ல."

அவ்வளவு பெரிய பொய்யை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இறுகக் கட்டிக்கொண்டேன்.

ஆசுபத்திரியில் மூக்கு வாய் மூடிக் காற்றுக் குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். ஸ்டோர்த் தூசியும் அடுப்புப் புகையும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். பிறகு அவர் ஸ்டோரை விட்டு, வெளியே தேயிலை மலை வேலைக்கு மாறினார். எங்கள் கதவு மழையிலும் திறந்தே கிடந்தது. இரைப்பைக் கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

சத்தம் இருந்தால் எனக்குப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சத்தமில்லாமல் கண்ணயர்ந்தால்தான் ஓடிப்போய் உலுக்குவேன்.

"சருவம் ஓட்டையா இல்லியா?"

கண்ணைத் திறக்காமலே "இல்ல" என்பார். அதற்குப் பிறகும் நகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.