குழாயின் மேல் காயும் மீன்

மாங்கேணிக்கு அப்பால், கடலோடு சேரும் எங்கள் களப்பின் கரையில், லொறியில் கொண்டுவந்து கறுப்புக் குழாய்களைக் கொட்டினார்கள். ஒவ்வொன்றும் ஆள் குனிந்து நுழையும் பருமன். வரப்போகும் இறால் பண்ணையின் அழுக்குத் தண்ணீரைக் கண்டல் மரங்களுக்குள்ளால் களப்பில் விடுவதற்கு. அந்தக் கண்டல் அடியில்தான் என் அக்கா தண்ணீருக்குள் இருந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். அவளுக்கு வள்ளமில்லை. வேறு தொழிலுமில்லை.

பண்ணையைப் பற்றி அதிகாரிகள் ஊரில் கூட்டம் வைத்தார்கள். நாங்கள் வேடர், இது எங்கள் இடம் என்றோம். வேடர் என்றால் காட்டில்தானே இருக்கவேண்டும், கடற்கரையில் என்ன வேலை என்று சிரித்தார் ஒரு அதிகாரி. எழும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் பெண்களெல்லாம் சேர்ந்து குழாய்களைப் பழைய வலையால் ஒன்றோடொன்று பிணைத்தோம். வலைமேல் மீனை வெட்டி உப்பிட்டுப் பரப்பினோம். கரை நாறியது, காகம் இறங்கியது. நாறட்டும். மாரி மழை விழுந்தால் களப்பு பெருகும், குழாய் புதைக்க அவர்கள் வெட்டிய கிடங்கு தண்ணீரில் மூடிப்போகும். அதுவரை ஒரு குழாயும் மண்ணுக்குள் இறங்கக்கூடாது. அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

வேலையை மேற்பார்க்க வந்தவன் புளியந்தீவு டவுன் பொடியன். மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனை எடுக்கச் சொன்னான். அக்கா ஒரு துண்டை நசித்துப் பார்த்தாள்.

"இன்னும் காயல்ல மனே. நாளைக்கு எடுப்பம்."

அடுத்த நாளும் வந்தான். காய்ந்தது சாக்குக்குள் போயிருந்தது, பச்சை மீன் வலைமேல் கிடந்தது. நாளைக்கு எடுப்போம் என்றீர்களே என்று கேட்டான். அது நேற்றைய மீனுக்குச் சொன்னது என்றாள் அக்கா. இப்படியே நாட்கள் போயின.

கடைசியில் அவனுக்குப் பொறுமை போய், மண் தோண்டும் பெக்கோ மெசினைக் கொண்டுவந்தான். அது ஒரு குழாயைத் தூக்க, வலை இழுபட்டு மற்றக் குழாய்களும் அசைந்தன. மீன் மணலில் கொட்டுண்டது. அக்கா மெதுவாகப் போய்க் கிடங்குக்குள் இறங்கி, சப்பாணி கட்டி இருந்தாள்.

"என்னையும் குழாயோட சேர்த்து மண்போட்டுத் தாளுங்க. எங்கட ஆக்களெல்லாம் இந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கிறாங்க. எனக்கும் இடமிருக்கும்."

நாங்களும் ஒவ்வொருவராய் இறங்கினோம். ஈர மணல் என் சீலையில் ஏறியது. பெக்கோக்காரன் எஞ்சினை நிறுத்தினான்.

அந்தக் கிழமையே மழை பிடித்தது. பரப்பிய மீனெல்லாம் ஊறிப் பழுதாய்ப் போனது. கிடங்குக்குள் களப்பு ஏறியது. பெக்கோ போய்விட்டது. குழாய்கள் மட்டும் கிடக்கின்றன.

கோடையில் வருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வரட்டும். குழாய்களுக்குள் இப்போது எங்கள் ஆடுகள் படுக்கின்றன. முதலில் அவற்றை எழுப்பிப் பார்க்கட்டும்.