மஹய்யாவில் ஒரு ஜன்னல், பத்தொன்பது பலகைகள்

என் அண்ணன் மகள் வசந்தி கண்டி மஹய்யாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். "அத்த, எங்க புள்ளைங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. மூணு நாள் வந்து சொல்லிக் குடுங்க" என்று போன் பண்ணினாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் தெல்தோட்டைப் பக்கம் கல்யாணக் கடிதாசிக்கு விலாசம் எழுத, கோயில் பற்றுச்சீட்டுக்குப் பெயர் எழுத எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அது பிள்ளையார் கொடுத்த கை. வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருக்கிற இந்த நேரத்தில் எதற்குப் பயணம் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பிள்ளைகள் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்? (நான் கையால் எழுதி அனுப்புவதை மகள் கணினியில் அடித்துப் போடுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது.)

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குத் தெல்தோட்டையில் பஸ். கலஹா வழியாகக் கண்டிக்குச் சுமார் 35 கிலோமீட்டர், கட்டணம் 48 ரூபாய். பையில் மாதிரி எழுத்துத் தாள்கள். சும்மா போவானேன் என்று, வசந்தி வீட்டு வாசலில் நட ஈரச்சாக்கில் சுற்றிய செவ்வந்திக் கன்றும் துளசியும் செம்பருத்திக் குச்சிகளும் எடுத்துக்கொண்டேன்.

பேராதெனியைத் தாண்டியதும் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு சிப்பாய் என் தாள்களைப் புரட்டினான். ஒரு தாள் முழுக்க ஒரே எழுத்து ஐம்பது தடவை. அடுத்த தாளில் இன்னோர் எழுத்து ஐம்பது தடவை. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்கு மட்டும்தான் காணும். பக்கத்து இருக்கையில் வந்த புடவை வியாபாரிதான் கைகொடுத்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டான்.

"என்ன நானா சொன்னீங்க?"

"எழுதத் தெரியாத புள்ளைகளுக்கு இந்த அம்மா தண்டனை எழுதிக்கிட்டுப் போறாங்கன்னேன்."

சாக்கைப் பிரித்த சிப்பாய் துளசியை முகர்ந்து "மதுருதலா" என்றான். அவர்கள் பாஷையில் துளசிக்கு அதுதான் பெயராம். சின்ன வயதுப் பையன். தன் அம்மா வீட்டு முற்றத்திலும் நிற்கிறது என்று சைகையில் சொன்னான். இதெல்லாம் முடிய இருபத்தைந்து நிமிடம். கட்டுக்கலைப் பிள்ளையாரைப் பஸ்ஸில் இருந்தபடியே கும்பிட்டு, 9.20க்கு இறங்கினேன்.

மஹய்யாவுக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். "நான் நேத்து பொறந்தவ இல்ல தம்பி, நூறு" என்றேன்.

"செடிக்கும் சேத்துத்தாம்மா கேட்டேன். ரெண்டு பேரு வர்றீங்கல்ல?"

நூற்றுப்பத்துக்கு முடிந்தது. வெளியூர் ஆள் தங்கினால் பதிய வேண்டும் என்று அன்று மாலை வசந்தி என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் விருந்தாளி என்று பதிந்தாள். நாற்பது நிமிடம் பிடித்தது.

சனிக்கிழமை 9 மணிக்கு வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள். அரைமணி நேரத்தில் ஒன்று கவனித்தேன். கதவோரம் இருந்த பிள்ளைகளின் எழுத்து பரவாயில்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் இருந்தவர்களின் வரிகள்தான் மலைப்பாதை மாதிரி சரிந்து போயின. எல்லாரும் கதவு வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினார்கள். அந்தச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது, ஆணி அடித்து மூடியபடி.

"கோணல் கையில இல்ல வசந்தி, வெளிச்சத்துல இருக்கு. தெற அத."

அவள் ஆணியைக் கழற்றிக் கொஞ்சம் திறந்தாள். நாற்றமும் ஈயும் ஒன்றாக உள்ளே வந்தன. பிள்ளைகள் பழகிய மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, சந்து முனையில் ஆளுயரக் குப்பை. குப்பை வண்டி குறுகலான சந்துக்குள் நுழையாது. பெரிய ரோட்டுக்கு நடக்கச் சோம்பல்பட்டு எல்லா வீட்டுக்காரரும் இங்கேயே கொட்டிவிடுகிறார்கள்.

"எலி வருதுன்னு அதிபர் இந்த ஜன்னலையே அடைக்கச் சொல்லிட்டாரு அத்த. திங்கக்கிழம செவுரு கட்ட மேசன் பாஸ் வர்றாரு. அங்க பாருங்க, கல்லு கூட வந்துருச்சி."

அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பத்துப் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இருட்டில்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. சாக்கில் கன்றுகளும் இருந்தன. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, வீடு வீடாக நடந்து ஞாயிறு சிரமதானத்துக்கு ஆள் கூப்பிட்டேன். வாய் எனக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை 7 மணிக்குப் பதினோரு பெண்கள், மூன்று ஆண்கள், எல்லாப் பிள்ளைகளும். சந்து முனைக் கடைக்கார ஹாஜியார் அரிசிச் சாக்குகளும் ஒரு வாளி தேத்தண்ணியும் கொடுத்தார். 34 சாக்குக் குப்பையைப் பெரிய ரோட்டுக்குச் சுமந்தோம். மதியம் ஒரு மணிக்குள் மண் தெரிந்தது. கன்றுகளை நட்டோம். வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததையும் சேர்த்துப் பத்தொன்பது செடி.

இனிக் குப்பை விழாமல் இருக்க என்ன வழி? சுவரில் பிள்ளையார் படம் வைப்போம் என்றேன். "வேணாம் அத்த, ஹாஜியாரும் தண்ணி ஊத்துற எடம்" என்றாள் வசந்தி. அதுவும் நியாயம். அப்படியானால் வீட்டுக்கு ஒரு செடி, ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டுக்காரர் பெயர்ப்பலகை, பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும். தன் பெயர்மேல் யார் குப்பை போடுவார்கள்? எனக்கே என் மூளையை மெச்சத் தோன்றியது.

பக்கத்து லைன் வீட்டுச் சரோஜா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "பேர எழுதி ரோட்டுல வைக்கிறதாக்கா? எம்பத்திமூணு கலவரத்தப்ப கையில பேர்ப்பட்டியலோட தமிழ் ஊடா தேடி வந்தாங்க. போன மாசமும் பொலிசு வந்து ஊட்டுல யாரு யாருன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. நம்மளே வேற எழுதி வைக்கணுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வருஷம் நாங்களும் தேயிலைக்குள் மூன்று நாள் படுத்துக் கிடந்தவர்கள்தான். முந்தாநாள்தான் பொலிசில் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். எப்படித்தான் மறந்தேனோ.

கடைசியில் செடியின் பெயரை மட்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. ஹாஜியார் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் கொடுத்தார். வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காயவைத்து, பிள்ளைகள் கறுப்பில் எழுதினார்கள். ஆறேழு பலகை படுகோணல். துளசிக்குச் சரோஜாவின் மகள் அமுதா எழுதியதில் முதல் எழுத்து பூசணிக்காய், கடைசி எழுத்து கடுகு. நாளைக்கு அதிபர் பார்ப்பாரே, என் மாணவர்கள் என்று சொல்வார்களே என்று நினைத்து, அதை அழித்து எழுதத் துணியை எடுத்தேன்.

"அதுல கை வைக்காதீங்கக்கா" என்றாள் சரோஜா.

"நல்லா எழுதித் தர்றேன் சரோஜா."

"நீங்க எழுதினா அது உங்க எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பூசணிக்காயப் பாத்தா எம் புள்ள கைன்னு தெரியும். இந்தச் சந்துல எல்லாருக்கும் தெரியும். வெளியாளுக்குத் தெரியாது. நமக்கு அது போதாதா?"

துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திங்கள் காலை 6 மணிக்குத் தேங்காயோடு போனேன். ஒரேயொரு குப்பைப் பை செவ்வந்திக்குப் பக்கத்தில் விழுந்திருந்ததாம். நான் போவதற்குள் சரோஜா அதைக் கையில் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்துகொண்டிருந்தாள்.

"உள்ள மீன் செதிலு. நேத்து மீன் வாங்கினது ரெண்டே ஊடு. வெளிய வாங்கடி, யாரு மகன் எழுத்து மேல யாரு போட்டதுன்னு பாப்போம்."

ஒரு கதவு திறந்தது. ஒரு கை வந்து பையை வாங்கிக்கொண்டது. கதவு மூடியது.

7.30க்கு மேசன் பாஸ் வந்து சுண்ணாம்பு குழைக்க ஆயத்தமானார். அதிபர் ஜன்னலைத் திறக்கச் சொல்லி வெளியே எட்டிப் பார்த்தார். பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பூசணிக்காயிடம் கொஞ்சம் நின்றார். பிறகு பாஸிடம், "கல்ல வீணாக்க வேணாம். பாத்தியச் சுத்தி வரம்பு கட்டிருங்க" என்றார்.

எட்டரைக்கு அந்தப் பக்கத்துப் பத்துப் பிள்ளைகளும் கழுத்தை நேரே வைத்து எழுதினார்கள். எழுத்து உடனே அழகாகிவிடவில்லை. வரி மட்டும் நேராகப் போனது. தேங்காயை உடைத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு 11 மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்படி உதவிக்குப் போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள். தங்கும் வீட்டுக்காரரோடு அன்றே பொலிசில் பதிந்துவிடுங்கள். செடியை ஈரச்சாக்கில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பைக்குள் அவிந்துவிடும். எழுத்துத் தாளின் தலைப்பில் சிங்களத்திலும் ஒரு வரி விளக்கம் எழுதிவைத்தால் இருபது நிமிடம் மிச்சம். மழைக்குப் பலகைகளில் பெயின்ட் உரியும், ஆகவே ஒரு டின் கறுப்பு வாங்கிப் போனால் உபயோகம். தூரிகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். திருத்தித் தரட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். சரோஜா அங்கேதான் நிற்பாள்.