தப்பாகக் கதை சொல்பவர்

லிஃப்ட் பழுது பார்க்கிற ஆள், ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லித் தருகிறார் என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உயரம். லிஃப்ட் குழிக்குள் கத்திக் கத்தியே தடித்துப்போன குரல். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. ஆனால் ஆலயத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறையில் அவர் வகுப்பு நடக்கும்போது எழுகிற கூச்சல் இருக்கிறதே, முன்பக்கம் போதகரே ஜெபத்தை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் லிஃப்ட் மாமா. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் இவருக்கே ஞாபகம் வரும் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

கூச்சலுக்குக் காரணம், அவர் கதைகளைத் தப்பாகச் சொல்வார். வேண்டுமென்றேதான். பேழை கட்டிய பெரியவர் யானையை ஏற்ற மறந்துவிட்டார் என்பார். ராட்சசனை வீழ்த்திய மேய்ப்பன் பையன் கையில் துப்பாக்கி இருந்தது என்பார். "இல்ல மாமா! கவண்!" என்று அறையே அலறும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியா? அப்ப எனக்குத் தெரியல. நீயே சொல்லு" என்று முதலில் கத்திய பிள்ளையிடம் கதையை ஒப்படைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். திருத்துகிறவர்தான் மீதியைச் சொல்ல வேண்டும். அந்த அறையின் சட்டம் அது.

இந்த வித்தையை அவர் எந்தப் பயிற்சி முகாமிலும் படிக்கவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் படித்தார். வெளியே நின்று "பயப்படாதீங்க" என்று சொன்னால் உள்ளே இருப்பவருக்கு இருக்கிற பயம் இரட்டிப்பாகும். "சார், நீங்க ஒன்பதாவது மாடியிலதானே நிக்கிறீங்க?" என்று தப்பாகக் கேட்டால், "யோவ், நாலாவதுய்யா!" என்று எரிச்சலோடு ஒரு குரல் வரும். எரிச்சல் வந்துவிட்டால் மூச்சும் வந்துவிடும். அதற்குள் அவர் கதவைத் திறந்துவிடுவார்.

அப்புறம் அந்த நோய் வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆலயக் கதவில் பூட்டுத் தொங்கியது. லிஃப்டுகளுக்கு மட்டும் விடுமுறை இல்லை. ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாலும் பால்காரரும் மருந்துக்காரரும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போதகர் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்கு வாரா வாரம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிடுங்களேன்" என்றார். அனுப்பினார். சமையலறைச் சுவரில் ஒரு போர்வையைக் கட்டி, மனைவி போனைப் பிடிக்க, பெரிய மீன் விழுங்கிய தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னார். பழக்கதோஷம் யாரை விட்டது? "கடல்ல விழுந்தவரை ஒரு ஒட்டகம் லபக்குன்னு முழுங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு, காதில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம்தான் பதிவானது. அவரும் அதைத் திருத்தாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த வீடியோ பிள்ளைகளுக்கு மட்டுமா போகும்? சபைக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் போனது. சபைக் கமிட்டியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உடனே போதகரைப் பிடித்தார். போதகர் லிஃப்ட் மாமாவைப் பிடித்தார்.

"சின்னப் பிள்ளைங்க ஒட்டகத்தையே நிஜம்னு நம்பிடும்னு வாத்தியார் வருத்தப்படுறார்."

"ஐயா, சின்னப் பிள்ளைங்கதான் முதல்ல கத்தும்."

"கத்தும். அது உங்களுக்குக் கேக்குமா?"

வாத்தியாரைத் திட்ட வேண்டும் என்று இதைச் சொல்கிற எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. திருத்த ஆள் இல்லாத இடத்தில் தப்பு வெறும் தப்புதான்.

வீடியோவை விட்டுவிட்டு அவர் போனை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். ஒரே கதை, ஒரே தப்பு, ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக ஒரு அலறல். வேலைக்குப் போன இடத்தில், மொட்டை மாடிக்கு மேலே லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினார். தொண்டை கட்டிப்போகும். மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மாத்திரையை நீட்டியபடியே, "ஊர்ல இருக்கிற பிள்ளை எல்லாம் உங்க தலையிலதான் ஏறியிருக்கு" என்பாள். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்காது.

எல்லாப் பிள்ளைகளும் கத்தின. வக்கீல் மட்டும் கத்தவில்லை.

வக்கீல் என்பது எட்டு வயதுப் பெண். அறையில் முதல் வரிசை. தப்புக் கண்டுபிடிக்கிறதற்கென்றே தலை வாரிப் பின்னிக்கொண்டு வருகிறவள். லிஃப்ட் மாமா வாயைத் திறக்கும் முன்பே கை தூக்குவாள். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். நோய் அவரையும் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்குப் பிள்ளையை யாரும் கூட்டிப் போகவில்லை. அந்த நாட்களில் கூட்டிப் போகவும் முடியாது.

"பேசவே மாட்டேங்கிறா அண்ணே," என்றாள் அவள் அம்மா போனில். "சாப்பிடுன்னா சாப்பிடுறா, குளின்னா குளிக்கிறா. ஒரு வார்த்தை கிடையாது. நீங்க கதை சொன்னா ஒருவேளை…"

சொன்னார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அடுத்த வாரம் இன்னும் பெரிய தப்பாகச் சொன்னார். பேழைக்கு லிஃப்ட் வைத்தார். ராட்சசனுக்குப் பல் வலி வரவழைத்தார். மற்ற வீடுகளில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் இங்கே அதே மூச்சுச் சத்தம். கதை முடிந்ததும் அவள் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவாள். வாரங்கள் இப்படியே போயின.

"அந்தப் பிள்ளை வாய் திறக்கலேன்னா, நான் இனிமே யாருக்கும் கதை சொல்ல மாட்டேன்," என்றார் மனைவியிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாடவரிசையில் அந்தக் கதை வந்தது. இரண்டு சகோதரிகளின் தம்பி செத்துப்போகிறான். கல்லறையில் வைத்து நாளாகி நாற்றமும் எடுத்துவிடுகிறது. ஆண்டவர் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். செத்தவன் எழுந்து வருகிறான்.

"இதை அவளுக்கு மட்டும் விட்டுடுங்க," என்றாள் மனைவி.

"அவகிட்ட பாடப் புத்தகம் இருக்கு. விட்டா, ஏன் விட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

"அப்ப எங்க தப்பாச் சொல்வீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். செத்தவன் கல்லறையிலேயே தூங்கிட்டான் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். அவை கூரை பறக்கக் கத்தின. இந்த வீட்டில் அதைச் சொல்ல நாக்கு எழாது. இதைச் சரியாகத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கதையைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மோட்டாரை நிறுத்தி, டப்பாவில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னார். விளையாட்டு இல்லாமல் சொல்லத் தெரியாமல் குரல் தடுமாறியது.

"கல்லைத் தள்ளுனாங்க. 'வெளிய வா'ன்னு கூப்பிட்டார். அவனும் எந்திரிச்சு வந்தான்."

"இல்ல மாமா."

அவர் டப்பாவிலிருந்து எழுந்து நின்றார்.

"தப்பு," என்றாள் வக்கீல். "வரல."

சொல்வதற்கு அவரிடம் எத்தனையோ இருந்தன. பரலோகம் இருந்தது, கடைசி நாள் இருந்தது, ஒருநாள் எல்லோரும் எழுந்திருப்போம் என்ற வாக்கு இருந்தது. அத்தனையையும் அவர் மனதார நம்பினார். கணக்கு வாத்தியார் அந்த இடத்தில் இருந்திருந்தால் வரிசையாக எடுத்துச் சொல்லியிருப்பார். லிஃப்ட் மாமாவுக்கும் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"அப்படியா?" என்றார். "அப்ப எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அப்பா நடந்துதான் போனாங்க," என்றாள். "ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. தெரு முனைக்குப் போய் ஏறினாங்க. அவசரத்துல அம்மாவோட செருப்பப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. குதிகால் வெளிய இருந்துச்சு. நான் கிட்டப் போனேன், வராதேன்னு கத்துனாங்க. அப்பா என்னைப் பாத்துக் கத்துனதே இல்ல."

"ம்."

"முனையில திரும்பி நின்னு கை காட்டினாங்க. எனக்குக் கோபம். நான் காட்டல."

அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"மாமா, அழுறீங்களா?"

"ஆமா."

"சரி. நான் மெதுவாச் சொல்றேன்."

கீழேயிருந்து வாட்ச்மேன், "லிஃப்ட் எப்பய்யா ஓடும்?" என்று படிக்கட்டு வழியாகக் கத்தினார். லிஃப்ட் மாமா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அன்று மத்தியானம் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் படி ஏறித்தான் வீட்டுக்குப் போனார்கள்.